வேலியோரக் கார்த்திகைப்பூ: வாசகர் கேள்வி பதில்

புரட்டாதி பிறந்தால் கார்த்திகைப்பூக் கிழங்கு பற்றிய கடிதங்கள் வரத் தொடங்கிவிடும். இம்முறை திருகோணமலை மாவட்டத்திலிருந்தே அதிகம் வந்திருக்கின்றன. கார்த்திகைப்பூ, செங்காந்தள், கலப்பைக்கிழங்கு மூன்றும் ஒரே செடிதான். நம் மண்ணில் இயல்பாகவே வளரும் பல்லாண்டுக் கொடி. தண்டும் இலையும் ஆண்டுதோறும் காய்ந்துபோகும். கிழங்கு மட்டும் மண்ணுக்குள் உயிரோடிருக்கும். இதை வளர்ப்பவர்களுக்கு நேரும் தோல்விகளில் பெரும்பாலானவை நோயாலோ பூச்சியாலோ வருவதில்லை. கிழங்கு உறங்க வேண்டிய காலத்தில் அதை உறங்க விடாததால் வருபவை.

கேள்வி: வேலியோரத்தில் கார்த்திகைப்பூ நட ஆசை. கிழங்கை எங்கே எடுப்பது? எப்போது, எப்படி நடுவது? (வாசகர், ஆலங்கேணி)

பதில்: காட்டில் தோண்டி எடுக்க வேண்டாம். ஒதுக்குக் காட்டில் செடி பிடுங்குவது சட்டப்படி குற்றம். அதைவிட, கிழங்கைத் தோண்டிய இடத்தில் அந்தச் செடியின் வாழ்வே முடிந்துவிடுகிறது. அயலவர் வேலியில் பழைய கொத்து நின்றால் கேட்டு வாங்குங்கள். சில ஆண்டுகளில் கிழங்குகள் நெருக்கிக்கொள்ளும். பிரித்துக் கொடுப்பது அவர்கள் செடிக்கும் நல்லது. பூக்கன்று விற்கும் இடங்களிலும் மழைக்கு முன் கேட்டுப் பார்க்கலாம்.

வாங்கும்போது கிழங்கைத் திருப்பிப் பாருங்கள். இரண்டு கவராகப் பிரிந்திருக்கும். பழைய தண்டு நின்ற தழும்பு நடு மூட்டில் தெரியும். முளை அங்கிருந்து வராது. ஒவ்வொரு கவரின் நுனியிலும் ஒரேயொரு குருத்து, சிறு கூம்பாக இருக்கும். அது ஒடிந்தால் அந்தக் கவர் வீண், வேறு இடத்தில் முளை கிளம்பாது. சாக்கில் அள்ளிப்போட்டுக் குலுக்கிக் கொண்டுவரும் கிழங்குகள் பல முளைக்காமற்போவது இதனால்தான். ஒவ்வொன்றையும் கடதாசியில் சுற்றி எடுத்து வாருங்கள். 50 கிராம் அளவில் எடையுள்ள கிழங்கு அதே ஆண்டில் பூக்கும். பென்சில் தடிப்புள்ளது அந்த ஆண்டு இலை மட்டும் விட்டுக் கிழங்கைப் பெருக்கிக்கொள்ளும்.

இரண்டு கவரையும் பிரித்து நட விரும்பினால் மூட்டில் கூரிய கத்தியால் வெட்டி, வெட்டுவாயில் அடுப்புச் சாம்பல் தடவி, இரண்டு மூன்று நாள் நிழலில் உலர விடுங்கள். ஈர வெட்டுவாயோடு நட்டால் பங்கசு நேரே உள்ளே புகும்.

நடுவதற்கு ஒக்டோபர் மாதம் சரி. முதல் மழை மண்ணை நனைத்த பிறகு நடுவதே நல்லது. 30 சென்ரிமீற்றர் ஆழத்துக்கு மண்ணைக் கொத்திப் பொலபொலப்பாக்கி, குழிக்கு இரண்டு கை நன்கு மக்கிய கூட்டெரு கலவுங்கள். கிழங்கைப் படுக்கையாக வைத்து, குருத்து நுனி சற்றே மேல்நோக்கி இருக்கும்படி 5 முதல் 7 சென்ரிமீற்றர் மண் மூடுங்கள். கிழங்குக்குக் கிழங்கு 30 சென்ரிமீற்றர் இடைவெளி போதும். நட்டவுடன் ஒரு தடவை நனையுங்கள். அதன்பின் முளை தெரியும்வரை தண்ணீர்க் குழாயைக் கையில் எடுக்காதீர்கள். வேரும் இலையும் இல்லாத கிழங்கு அந்த நீரைக் குடிக்காது, அதில் ஊறி அழுகும். முளை வர இரண்டு முதல் நான்கு கிழமை ஆகலாம். பொறுக்க முடியாமல் தோண்டிப் பார்ப்பவர்கள்தான் குருத்தை முறிக்கிறார்கள்.

நடும் அன்றே ஏறுகொம்பு ஊன்றிவிடுங்கள். பிறகு ஊன்றினால் கிழங்கில் குத்தும். இந்தக் கொடி இலை நுனியால் பற்றி ஏறுவது. அந்த நுனி மெல்லியதைத்தான் சுற்றும். தடித்த மூங்கிலும் இரும்புக் குழாயும் அதற்குப் பயன்படாது. பென்சிலை விட மெல்லிய குச்சிகள் நிறைந்த அலம்பல் வேலிதான் எங்கள் முதல் தெரிவு. கிளுவை வேலியும் நல்லது, ஐப்பசியில் கிளையைக் கொஞ்சம் கழித்து வெயில் விழச் செய்தால். கொடி 2 மீற்றர்வரை ஏறும். இளந்தண்டு அடியில் முறிந்தால் பெரும்பாலும் அந்த ஆண்டுக்கு அவ்வளவுதான். ஆகவே கோழியும் ஆடும் நடமாடும் வளவில், திருகோணமலைக் கோட்டைப் பக்கம் போல மான் வந்துபோகும் இடத்தில், முழங்கால் உயரம்வரை வலை சுற்றி வையுங்கள்.

கேள்வி: சாடியில் வைத்த செடி மார்கழியில் நன்றாகப் பூத்தது. மாசியில் மஞ்சளாகிக் காய்ந்தது. நாள்தோறும் தண்ணீர் விட்டுப் பசளையும் போட்டேன். இப்போது கிளறினால் கிழங்கு கூழாகிவிட்டது. என்ன நோய்? (வாசகி, உப்புவெளி)

பதில்: உங்கள் செடிக்கு நோய் வந்திருக்கவில்லை. அது காலப்படி உறங்கப் போயிருக்கிறது. மாசியில் இலை மஞ்சளாகும்போது செடி தன் சத்தையெல்லாம் கீழே இறக்கிப் புதுக் கிழங்கில் சேர்க்கிறது. அந்தப் புதுக் கிழங்குதான் அடுத்த ஆண்டுச் செடி. நீங்கள் நட்ட பழையது அதற்குள் சுருங்கி வெறும் தோலாகியிருக்கும். இலை போனபின் விட்ட ஒவ்வொரு வாளித் தண்ணீரும் கிழங்கைச் சுற்றித் தேங்கியிருக்கும். அதோடு பசளையும் சேர, அழுகல் பங்கசுக்கு எல்லா வசதியும் அமைந்துவிட்டது.

இனிச் செய்ய வேண்டியது: கீழ் இலைகள் மஞ்சளாகத் தொடங்கியதும் தண்ணீரைப் பாதியாகக் குறையுங்கள். தண்டு பாதி காய்ந்ததும் முற்றாக நிறுத்துங்கள். பச்சைத் தண்டை வெட்டாதீர்கள். தானாகக் காய்ந்து இழுத்தவுடன் கையோடு வரும்வரை விடுங்கள். பிறகு சாடியைப் பக்கவாட்டில் சாய்த்து, மழையும் நேர் வெயிலும் படாத தாழ்வாரத்தில் வையுங்கள். மே முதல் ஓகஸ்ட்வரை கச்சான் காற்றில் வெயிலில் நின்ற சிமெந்துச் சாடி தொட முடியாத சூட்டுக்குப் போகும். அதற்குள் கிழங்கு வெந்துவிடும்.

கிழங்கை வெளியே எடுத்து வைக்க நினைத்தால், தண்டு காய்ந்து மூன்று கிழமை கழித்துச் சாடியைக் கவிழ்த்து எடுங்கள். கழுவ வேண்டாம், மண்ணை உதறினால் போதும். உலர்ந்த ஆற்று மணல் அல்லது மரத்தூளில், ஒன்றையொன்று தொடாதபடி அடுக்கிக் காற்றோட்டமான பெட்டியில் வையுங்கள். பொலித்தீன் பையில் கட்டினால் வியர்த்து அழுகும். மாதம் ஒரு தடவை பார்த்து, மெதுமெதுப்பானதையும் நாற்றம் வீசுவதையும் எறிந்துவிடுங்கள். இலேசாகச் சுருங்கியிருந்தால் பயமில்லை.

அடுத்த முறை சாடி 30 சென்ரிமீற்றர் அகலமும் அதே ஆழமும் கொண்டதாக இருக்கட்டும். செம்மண் இரண்டு பங்கு, பருமணல் ஒரு பங்கு, கூட்டெரு ஒரு பங்கு. அந்த அளவுச் சாடிக்கு இரண்டு கிழங்கு. கோழியெருவைப் பச்சையாகப் போடாதீர்கள். தண்டு மெலிந்து நீளும், பூ குறையும், கிழங்கு அழுகும். சாடிக்குக் கீழே தட்டு வைக்கவும் வேண்டாம். அதில் நிற்கும் நீர் வேருக்கும் கேடு, டெங்கு நுளம்புக்கும் வீடு.

கேள்வி: எங்கள் வளவு கடற்கரையை ஒட்டியது. வெறும் மணல், கிணறும் உவர். கார்த்திகைப்பூ வருமா? (வாசகர், நிலாவெளி)

பதில்: மணல் தடையில்லை. நீர் தேங்காத மணல் கிழங்குக்குப் பிடித்தமானதே. உவர்நீரும் உப்புக்காற்றும்தான் சிக்கல்: இலை நுனி கருகும், பற்றி ஏற வேண்டிய பகுதியும் அந்த நுனிதான். வீட்டுச் சுவருக்குப் பின்னால், கடலுக்கு மறைவான பக்கம் நடுங்கள். குழிக்கு ஒரு வாளி கூட்டெருவும் தென்னந்தும்புத் தூளும் கலந்து மழைநீரை மட்டும் நம்பி விடுங்கள். மாரியில் மழை உப்பைக் கழுவி இறக்கிவிடும். செடி வளர்வதும் அந்த மாதங்களில்தான். மழை இடையில் பத்து நாள் நின்றால், பீலியில் பிடித்து வைத்த மழைநீரை ஊற்றுங்கள், கிணற்று நீரை அல்ல.

கடலைப் பார்த்த முன்பக்கத்துக்கு அடம்பன் கொடியே பொருத்தம். அதுவும் பல்லாண்டுச் செடி, இந்தக் கரையில் இயல்பாகவே வளர்வது. மூன்று நான்கு கணு உள்ள துண்டை மழை தொடங்கும்போது வெட்டி, இரண்டு கணு மண்ணுக்குள் இருக்கும்படி 10 சென்ரிமீற்றர் ஆழத்தில் படுக்கையாகப் புதைத்தால் வேர் பிடிக்கும். ஊதா கலந்த இளஞ்சிவப்புப் பூ காலையில் விரிந்து வெயில் ஏற வாடும். தேனீக்கள் வருவதும் காலையில்தான். மணலைப் பிடித்து வைப்பதில் அதற்கு ஈடில்லை, ஆகவே கரையில் வளர்ந்து நிற்பதைக் ‘குப்பை’ என்று வாரி எறியாதீர்கள்.

கேள்வி: எங்களது வயல் மண். மழை பெய்தால் மூன்று நாள் தண்ணீர் நிற்கும். (வாசகர், தம்பலகாமம்)

பதில்: நிலமட்டத்தில் நடவே வேண்டாம். 30 சென்ரிமீற்றர் உயரத்தில் மேடை போட்டு, மண்ணில் மூன்றில் ஒரு பங்கு பருமணல் கலந்து மேட்டின் உச்சியில் நடுங்கள். அதுவும் முடியாவிட்டால் சாடிதான்.

கேள்வி: வீட்டில் சின்னப் பிள்ளைகள் இருக்கிறார்கள், ஆடும் வளர்க்கிறோம். இது நஞ்சு என்கிறார்களே? (வாசகி, கிண்ணியா)

பதில்: நஞ்சுதான், கடும் நஞ்சு. செடியின் எல்லாப் பகுதியிலும் கொல்கிசின் என்ற நச்சுப்பொருள் இருக்கிறது. கிழங்கிலும் விதையிலும் அதிகம். அவித்தாலும் அது போகாது. வற்றாளங்கிழங்கு என்று எண்ணி அவித்துத் தின்று உயிர்போன சம்பவங்கள் இலங்கை மருத்துவப் பதிவுகளில் உள்ளன. ஆகவே இரண்டு விதி: தோண்டிய கிழங்கைக் குசினிக்குள்ளோ மரக்கறிக் கூடைக்கு அருகிலோ வைக்கக் கூடாது, பெட்டியில் ‘நஞ்சு’ என்று கொட்டை எழுத்தில் எழுதி உயரத்தில் வைக்க வேண்டும். கையுறை போட்டு வேலை செய்யுங்கள், முடிந்ததும் சவர்க்காரம் போட்டுக் கழுவுங்கள். வெட்டிய கத்தியைச் சமையலுக்கு எடுக்காதீர்கள்.

யாராவது தின்றுவிட்டால் வாந்தி வரும்வரை காத்திருக்க வேண்டாம். வாந்தியும் வயிற்றோட்டமும் தொடங்கவே சில மணி நேரம் ஆகும். அதற்குள் நஞ்சு இரத்தத்தில் கலந்துவிடும். வயிற்றோட்டம் குறைந்தாலும் அடுத்த நாட்களில்தான் உள்ளுறுப்புகள் பாதிக்கப்படும். வீட்டில் வாந்தி எடுக்க வைக்க முயலாமல் உடனே 1990 சுவசெரிய அம்புலன்ஸை அழையுங்கள் அல்லது அண்மையிலுள்ள வைத்தியசாலைக்குப் போங்கள். தின்ற செடியின் துண்டைக் கையோடு எடுத்துச் செல்லுங்கள், வைத்தியருக்கு அது பெரிய உதவி.

ஆட்டுக்கும் மாட்டுக்கும் இதே ஆபத்து. கழித்த தண்டைப் புல்லோடு சேர்த்துப் போடாதீர்கள். தவழும் பிள்ளையும் அவிழ்த்துவிட்ட ஆடும் உள்ள வளவில் இந்தச் செடியை இப்போதைக்கு வைக்க வேண்டாம் என்பதே எங்கள் கருத்து. வண்ணத்துப்பூச்சி வர வேண்டும் என்பதுதான் நோக்கமென்றால் கடைசிப் பதிலில் சொல்லியிருக்கும் ஆவாரையை நடுங்கள்.

கேள்வி: பூ நிறைய வருகிறது, காய் மட்டும் பிடிப்பதில்லை. தேனீ வருகிறதே, பிறகு ஏன்? (வாசகி, பாலையூற்று)

பதில்: பூவைக் கிட்டப் போய்ப் பாருங்கள். காரணம் அதன் அமைப்பிலேயே இருக்கிறது. பூ தலைகீழாகத் தொங்குகிறது, ஆறு இதழ்களும் நெளிந்து மேல்நோக்கி மடிந்து நிற்கின்றன. ஆறு மகரந்தக் கேசரங்களும் பக்கவாட்டில் விரிந்து நிற்கின்றன. நடுவில் உள்ள பச்சைச் சூலகத்தின் நுனியிலிருந்து கிளம்பும் சூல்தண்டு, நேரே கீழே இறங்காமல் ஏறத்தாழச் செங்கோணத்தில் மடிந்து ஒரு பக்கமாக வெளியே நீண்டு, நுனியில் மூன்றாகப் பிரிகிறது. மகரந்தம் ஒட்ட வேண்டிய இடம் அந்த நுனி. தேன் இருப்பதோ இதழ்களின் அடியில், பூவின் நடுவே.

சிறிய தேனீ ஒரு மகரந்தப் பையில் இறங்கி, தூளை வாரிக்கொண்டு, சூல்தண்டுப் பக்கம் போகாமலே பறந்துவிடும். தேனுக்காக வரும் பெரிய வண்ணத்துப்பூச்சி இதழடியைப் பிடித்துக்கொண்டு சிறகடிக்கும்போதுதான், சிறகு பைகளிலும் சூல்நுனியிலும் உரசுகிறது. தேன்சிட்டு வந்தாலும் அதன் உடம்பு இரண்டிலும் படும். வண்ணத்துப்பூச்சி மழையிலும் பலத்த வாடைக்காற்றிலும் பறக்காது. நம் பக்கம் செடி உச்சமாகப் பூக்கும் கிழமைகளில்தான் மழையும் அடித்துப் பெய்கிறது. ஆகவே காய் குறைவது இயல்பு. கொடியை வாடைக்காற்றுக்கு மறைவாக, காலை வெயில் விழும் பக்கத்தில், மூன்று நான்காகச் சேர்த்து நட்டால் வருகை கூடும்.

காய் வேண்டுமென்றால் கையால் மகரந்தம் சேர்க்கலாம். மழையில்லாத காலை 8 மணிக்கும் 11 மணிக்கும் இடையில், பை வெடித்து மஞ்சள் தூள் தெரியும் பூவைத் தேர்ந்து, மெல்லிய தூரிகையால் தூளை எடுத்து வேறொரு செடியின் பூவில் மூன்று சூல்நுனிகளிலும் தடவுங்கள். தடவப்படும் பூ விரிந்து இரண்டு மூன்று நாளுக்குள் இருக்கட்டும். பிடித்திருந்தால் சூலகம் பருக்கத் தொடங்கும், இல்லாவிட்டால் மஞ்சளாகும். செடிக்கு இரண்டு மூன்று காய்க்கு மேல் விட வேண்டாம். காய் பெருக்கும் சத்து கிழங்குக்குப் போக வேண்டியது.

கேள்வி: ஒரே கொடியில் மஞ்சளும் சிவப்புமாகப் பூ இருக்கிறதே, கலப்பா? (மாணவி, மூதூர்)

பதில்: கலப்பில்லை, வயதுதான். விரியும்போது பச்சை கலந்த மஞ்சள். பிறகு இதழின் மேற்பாதி சிவந்து, கடைசியில் முழுச் சிவப்பாகும். ஒரே கொடியில் எல்லா வயதுப் பூவும் இருப்பதால்தான் அந்தத் தோற்றம்.

கேள்வி: கறுப்பு உடம்பில் வெள்ளையும் செம்மஞ்சளுமாகப் புள்ளியுள்ள புழுக்கள் ஒரே இரவில் இலையைத் தின்கின்றன. என்ன மருந்து அடிக்கலாம்? (வாசகர், சம்பூர்)

பதில்: அது லில்லி வகைச் செடிகளைத் தேடித் தின்னும் அந்துப்பூச்சியின் புழு. விஷமூங்கில் போன்ற அலங்காரச் செடிகளையும் தாக்கும்; அவை பக்கத்தில் நின்றால் அங்கும் பாருங்கள். முட்டையை இலைக்குக் கீழே கூட்டமாக இடும், பொரித்த குஞ்சுப் புழுக்கள் முதல் சில நாள் ஒரே இலையில் கூடியிருக்கும். பிடிக்க வேண்டிய நேரம் அதுதான்: அந்த ஒரு இலையைக் கிள்ளிச் சவர்க்கார நீரில் போட்டால் நூறு புழு போகும். பெரிதாகிப் பரவிவிட்டால் கையுறையோடு ஒவ்வொன்றாகப் பொறுக்க வேண்டும். முற்றிய புழு மண்ணுக்குள் இறங்கிக் கூட்டுப்புழுவாகும், ஆகவே அடிமண்ணை மேலாக, இரண்டு விரல் ஆழத்துக்கு மட்டும் கிளறிவிடுங்கள்.

கடை மருந்து வேண்டாம். வண்ணத்துப்பூச்சியை வரவழைக்க நட்ட செடியில் பூச்சிகொல்லி அடித்தால் நட்டதற்கே பொருளில்லை. தாங்க முடியாத அளவு இருந்தால் ஒரு லீற்றர் நீருக்கு 5 மில்லிலீற்றர் வேப்பெண்ணெயும் சில துளி சவர்க்கார நீரும் கலந்து, பொழுது சாய்ந்தபின், பூவில் படாமல் இலைக்கு அடியில் மட்டும் தெளியுங்கள். மொட்டு வருமுன் இலை முழுவதையும் இழந்த செடி அந்த ஆண்டு பூக்காது, கிழங்கும் சிறுத்துவிடும். அதனால் கார்த்திகை முதல் கிழமையிலிருந்து இரண்டு நாளுக்கு ஒரு தடவை இலையைத் திருப்பிப் பாருங்கள்.

கேள்வி: விதையிலிருந்து வளர்க்கலாமா? (வாசகர், சாம்பல்தீவு)

பதில்: வளர்க்கலாம், பொறுமை வேண்டும். காய் பழுப்பேறிச் சுருங்கி மூன்றாக வெடிக்கும் தறுவாயில் பறியுங்கள். உள்ளே செம்மஞ்சள் தோலோடு உருண்டை விதைகள் இருக்கும். கையுறை போட்டுத் தோலைத் தேய்த்து நீக்கி நிழலில் உலர்த்தி, அடுத்த மழைக்கு முன் ஓர் இரவு நீரில் ஊறவைத்து, மணலும் கூட்டெருவும் சம அளவு கலந்த தட்டில் ஒரு சென்ரிமீற்றர் ஆழத்தில் இடுங்கள். சில ஒரு மாதத்தில் முளைக்கும், சில மூன்று மாதம் கழித்தும் வரும். தட்டை அவசரப்பட்டுக் கொட்டிவிடாதீர்கள். முதல் ஆண்டுக் கிழங்கு மிகச் சிறியது. பூக்க மூன்று நான்கு ஆண்டு ஆகும். ஆனாலும் கிழங்கை மட்டும் பிரித்துக்கொண்டே போனால் எல்லாம் ஒரே செடியின் பிரதிகளாகவே இருக்கும். விதைச் செடி சில கலந்திருப்பது நல்லது.

கேள்வி: மாசிக்குப் பிறகு வளவில் பூவே இல்லை. அடுத்த மாரிவரை வண்ணத்துப்பூச்சிக்கும் வண்டுக்கும் என்ன வைக்கலாம்? (வாசகி, கன்னியா)

பதில்: உங்கள் பக்கத்துப் பரல் மண்ணுக்கு ஆவாரைதான். ரணவரா என்ற பெயரில் கடையில் காயவைத்து விற்கிறார்களே, அந்த மஞ்சள் பூ. வரட்சியைத் தாங்கிப் பல மாதம் பூக்கும். அதில் தேன் இல்லை, மகரந்தம் மட்டுமே. மகரந்தப் பையின் நுனியில் சிறு துளைதான் இருக்கிறது. கரிய பெரிய தச்சன் வண்டு பூவைப் பிடித்துக்கொண்டு உடம்பை அதிர வைக்கும்போது தூள் அந்தத் துளையால் கொட்டும். பூவில் இருக்கும்போது அதன் ரீங்காரம் சட்டென்று சுருதி மாறுவதைக் கேட்கலாம். வெள்ளையில் பச்சை படிந்த ஒருவகை வண்ணத்துப்பூச்சி இதன் இலையில் முட்டையிடும். அதன் பச்சைப் புழு சில இலையைத் தின்பதைப் பொருட்படுத்தாதீர்கள்.

விதைத்தோல் கடினமானது. அரத்தாளில் ஒரு பக்கம் தேய்த்து, ஓர் இரவு நீரில் ஊறவைத்து, நிற்க வேண்டிய இடத்திலேயே நேரடியாக ஊன்றுங்கள். ஆணிவேர் ஆழமாக இறங்குவதால் பிடுங்கி நட்டால் பிழைப்பது அரிது. செடிக்குச் செடி ஒரு மீற்றர். முதல் கோடைக்குக் கிழமைக்கு ஒரு வாளி நீர் போதும், பிறகு அதுவும் தேவைப்படாது. பூ ஓய்ந்ததும் மூன்றில் ஒரு பங்கு கழித்துவிட்டால் புதுக்கிளையில் அடர்த்தியாகப் பூக்கும்.

வேலி மூலையில் தானாக முளைத்த எருக்கு இருந்தால் ஒன்றையாவது விட்டுவையுங்கள். தச்சன் வண்டுக்கு அது தேன் தரும், செம்பழுப்புச் சிறகில் கறுப்பு ஓரம் கொண்ட வண்ணத்துப்பூச்சி முட்டையிடுவதும் அதில்தான். பால் கண்ணில் தெறிக்காமல் பார்த்துக்கொள்ளுங்கள். அதோடு, காய்ந்த கிளுவைத் தடி ஒன்றையோ பழைய பூவரசங் கட்டையையோ வேலியில் கட்டி விடுங்கள்: தச்சன் வண்டு கூடு குடைவது பட்டுப்போன மரத்தில்தான்.